ஒற்றுமை மூன்று, வேற்றுமை ஒன்று

பாளையங்கோட்டையில் பத்து நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்த திமிர் என்னிடம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் அந்தப் பயிற்சி நடந்தது. ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கச் சொல்லிவிட்டு, எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார் என்று பிள்ளைகளிடம் கேட்பதெல்லாம் வெறும் ஒப்பிப்பு என்று அங்கே ஓர் அம்மையார் சொன்னார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள், இடது பக்கம் ஒற்றுமை, வலது பக்கம் வேற்றுமை, புத்தகத்தில் இருக்கிறவர் வாழ்க்கையையும் தன் வீட்டு வாழ்க்கையையும் பிள்ளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும், அதுதான் வாசிப்பு என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் கிருபாபாய். சொந்த ஊர் நாசரேத். அப்பா வாத்தியார், அத்தை வாத்திச்சி, அண்ணன் தலைமையாசிரியர். கையில் ஒரு சாக்குக்கட்டி இருந்தால் யாரையும் திருத்திவிடலாம் என்ற நோய் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. கீழவைப்பாருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் எனக்கு வேலை. ஊரின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே அந்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆண்கள் பாதிப் பேர் அங்கே சங்கு குளிக்க, அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போகிறவர்கள். வள்ளங்களில் முக்கால்வாசி கஸ்பார் சம்மாட்டியாருக்குச் சொந்தம். வள்ளம் வைத்து ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவரைச் சம்மாட்டி என்பார்கள். பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளும் மேலே கிடந்த ஓடும் அவர் கொடுத்ததுதான். அடுத்த ஜனவரியில் அவருக்கு எழுபது வயது நிறைவதால் ஊரே விழா எடுக்கத் தயாரானது. எங்கள் தலைமையாசிரியர் சுந்தர்சிங் கடற்கரைக்காரர் அல்ல, என்னைப் போலவே உள்நாட்டுக்காரர், சாத்தான்குளம். அவர் பல சாயங்காலங்கள் சம்மாட்டியார் வீட்டில் போய் உட்கார்ந்து கதை கேட்டு, பதினாறு பக்கத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தூத்துக்குடியில் அச்சடித்து வந்தார். ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, விழா அன்றைக்குப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்றார். நான் விடவில்லை. மனப்பாடம் எதற்கு சார், ஒப்பிட்டுப் பேசட்டும் என்று நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

முதல் நாள் நோட்டுகளைத் திருத்தியபோது தலையில் அடித்துக்கொண்டேன். "சம்மாட்டியாருக்கு மீசை உண்டு, எனக்கு இல்லை" என்று ஒருவன் எழுதியிருந்தான். "சம்மாட்டியாருக்கு இரண்டு கண், எனக்கும் இரண்டு கண்" என்றது இன்னொரு நோட்டு. பாதி வகுப்பு அதைப் பார்த்து எழுதியிருந்தது. மறுநாள் கரும்பலகை முன்னால் நின்று, கண்ணையும் மீசையையும் எண்ணாதீர்கள், மனிதர் என்ன செய்தார் என்று பாருங்கள் என்றேன். அவர் ஒரு வேலையைச் செய்தார் அல்லவா, அதே வேலையை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டு வாருங்கள். ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் கேளுங்கள், அப்போதுதான் வேற்றுமை தெரியும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் அது ஒருத்திக்குத்தான் புரிந்தது.

அவள் சலேத்மேரி, சங்கு குளிக்கிற விக்டரின் மகள். பத்து வயது. கேள்வி கேட்டே உயிரை எடுப்பாள். எனக்கு அவள் மேல் கொள்ளை ஆசை, அதை மறைக்கவும் மாட்டேன். மற்றப் பிள்ளைகள் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் நான் சொல்வதைப் பார்ப்பாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கொண்டுவந்த நோட்டில் ஒற்றுமை மூன்று இருந்தது. சம்மாட்டியாரும் பன்னிரண்டு வயதில் கடலில் இறங்கினார், என் அப்பாவும் பன்னிரண்டு வயதில் இறங்கினார். இரண்டு பேரும் சங்கு குளித்தவர்கள். இரண்டு பேருக்கும் கூடப்பிறந்தவர் ஒருவர். வலது பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. "சம்மாட்டியாரின் அண்ணன் கடலில் இறங்கும்போது கயிற்றைத் தம்பி கையில் கொடுத்தார். என் அப்பா கயிற்றை மாமா கையில் கொடுப்பார். தம்பி கையில் கொடுக்க மாட்டார்."

புத்தகத்தின் ஏழாம் பக்கத்திலிருந்து அவள் அதை எடுத்திருந்தாள். சம்மாட்டியாரின் இருபத்து நான்காவது வயதில் அவர் அண்ணன் முத்துக்குளியில் இறந்துபோனதைச் சுந்தர்சிங் அங்கே உருகி உருகி எழுதியிருந்தார். "அன்று அண்ணனின் கயிற்றைப் பற்றியிருந்த கரங்கள் தம்பியின் கரங்கள். கடல் அண்ணனைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கண்ணீரிலிருந்தே நம் சம்மாட்டியார் எழுந்தார். அண்ணன் விட்டுச்சென்ற வள்ளத்தைத் தம் தோளில் சுமந்தார்" என்று இருந்தது. வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது.

குளிக்கிறவர் இடுப்பில் கயிற்றோடு கல்லின் கனத்தில் அடிக்குப் போவார், மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார், மேலே வள்ளத்தில் இருக்கிறவர் இழுத்துப் போட வேண்டும் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். ஏன் மாமா கையில் கொடுக்கிறார் என்று சலேத்மேரியிடம் கேட்டேன். மாமா அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர், தன் தங்கச்சியை நினைத்துக்கொண்டே பிடிப்பார், அதனால் விட மாட்டார் என்று சொன்னாள். எவ்வளவு அழகான வழக்கம் என்று நினைத்தேன். அந்த வழக்கத்தை மறுபுறம் திருப்பிப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லை. வேற்றுமையைக் கண்டுபிடி என்று பிள்ளைகளை விரட்டிய நான், கண் முன்னால் இருந்த வேற்றுமைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவே இல்லை. நோட்டில் சிவப்பு மையால் 'மிக நன்று' எழுதி, விழாவில் வாசிக்க அவளையே தேர்ந்தெடுத்தேன்.

விழா அன்று பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. சம்மாட்டியார் ஜரிகைத் துண்டோடு நடுவில் நாற்காலியில் இருந்தார். சலேத்மேரி எண்ணெய் வைத்துப் படிய வாரி, மைக் முன்னால் நின்று குரல் நடுங்காமல் வாசித்தாள். ஒற்றுமை மூன்றுக்கும் ஆட்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். வேற்றுமையை வாசித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற விக்டர், மகளைப் பார்த்தபடியே இரண்டு அடி முன்னால் வந்து, அங்கேயே நின்றுவிட்டான்.

நான் மட்டும் கை தட்டினேன். அந்தச் சத்தம் இப்போதும் காதில் விழுகிறது.

சம்மாட்டியார் அவளைக் கிட்டக் கூப்பிட்டு, யார் மகள் என்று கேட்டார். விக்டர் மகள் என்றாள். அவள் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு விருந்துக்கு இருக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு விளக்கிச் சொன்னது பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் பேச்சித்தாய். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"மச்சான் செத்தா மாமனுக்கு என்ன கெடைக்கும் டீச்சர்? தங்கச்சி தாலிதான் போவும். அண்ணன் செத்தா தம்பிக்கு வள்ளம். அதான் இங்கன யாரும் தம்பி கையில கயிறு குடுக்கறதில்ல. அன்னைக்குக் கயிறு பிடிக்கிற மச்சானுக்குக் காய்ச்சல்னு சம்மாட்டியாரு பிடிச்சாரு. நாப்பத்தாறு வருசமா ஊரு வாயத் தொறக்கல. நீங்க மைக் வச்சுச் சொல்ல வச்சிட்டீங்க."

அவர் உண்மையில் கயிற்றை விட்டாரா, கடல் எடுத்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் அத்தனை வருஷம் மூடி வைத்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து விக்டரை வள்ளத்தில் ஏற்றவில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கரைக்குப் போனால் ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். அடுத்த ஊர் வள்ளத்தில் அந்த ஊர்க்காரனுக்குத்தான் இடம். சங்கு குளிக்கிற காலம் போனால் விக்டருக்கு வேறு கதி இல்லை. அவனுக்குக் கயிறு பிடிக்கும் மச்சான், சலேத்மேரியின் மாமா செபஸ்தியும் கூடவே வீட்டில் உட்கார்ந்தான். இரண்டு வாரத்தில் சலேத்மேரி பள்ளிக்கூடத்துச் சோற்றில் பாதியைத் தூக்குச்சட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். பேச்சித்தாய் பார்த்தும் பாராதவள் போல ஒரு கரண்டி கூடப் போடுவாள்.

சுந்தர்சிங்குக்குத் தூக்கம் போய்விட்டது. சம்மாட்டியார் கொடுத்த பள்ளிக்கூடத்து ஓடு என்னாகுமோ என்ற கவலை பாதி, மனசாட்சி பாதி. ஏழாம் பக்கத்தை எழுதியவர் அவர்தானே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், எழுதியதை மாற்றி வாசிக்க வைத்தால் பெரியவர் மனம் இறங்குவார் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது மட்டுமா, மாற்றி எழுத வேண்டியதை நானே சொல்லிக் கொடுத்தேன். ஒற்றுமை மூன்றும் அப்படியே இருக்கட்டும். வலது பக்கத்தில் ஒரு வரி. "சம்மாட்டியார் வாழ்க்கைக்கும் எங்கள் வாழ்க்கைக்கும் எந்த வேற்றுமையும் இல்லை."

சலேத்மேரி ரப்பரை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் எழுதினது தப்பா டீச்சர்?"

"தப்புத்தான்," என்றேன்.

"எங்கப்பாட்ட கேட்டுத்தான டீச்சர் எழுதினேன்."

"சொன்னத எழுதுளா," என்றேன். அவள் அழித்துவிட்டு எழுதினாள். எத்தனையோ பிள்ளைகளை அடித்திருக்கிறேன், முழங்கால் போட வைத்திருக்கிறேன். அன்று செய்தது அதையெல்லாம் விடக் கேவலம். சரியாகச் செய்த பிள்ளையிடம் தப்பு என்று சொன்னேன், அதுவும் என் பயத்துக்காக.

சம்மாட்டியார் வீட்டுக் கூடத்தில் விக்டரும் செபஸ்தியும் நின்றார்கள். விக்டரின் தம்பி சந்தியாகுவையும் வரச்சொல்லியிருந்தார்கள், ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சலேத்மேரி வாசித்து முடித்தாள். பெரியவர் கோபமே இல்லாத குரலில் விக்டரிடம் பேசினார்.

"வேற்றுமை இல்லன்னு ஒம் பிள்ள வாயாலயே சொல்லிட்டுது. சரி. நாளைக்கே நீ கடலுக்குப் போ. செபஸ்தி வேற வள்ளம் ஏறட்டும். ஒனக்குக் கயிறு சந்தியாகு பிடிப்பான்."

செபஸ்தி என்னவோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பிடிச்சாலும் அண்ணன் மேல வருவான்னு ஊரு ஒரு தடவ பாக்கட்டும் டீச்சர். இத்தன வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட என்ன நடந்துதுன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அவர் மேல் இரக்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இது பழிவாங்குவது அல்ல என்று கூடத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. விக்டர் பத்திரமாக மேலே வர வேண்டும் என்று அவரை விட அதிகமாக ஆசைப்பட்டவர் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார். அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை. எதையாவது சொல்லித் தடுத்திருக்க வேண்டியவள் நான். அந்த வரி என்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்று சொல்லியிருக்கலாம். சுந்தர்சிங் பெருமூச்சு விட்டார், காரியம் முடிந்தது என்று. நானும் விட்டேன்.

சந்தியாகு நல்லவன். அண்ணன் மேல் உயிர். ஆனால் அவன் வள்ளத்தில் ஏறும்போதெல்லாம் கரை முழுக்க அவன் கையையே பார்த்தது. பக்கத்து வள்ளங்களில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் அடிக்குப் போய்ச் சேருவதற்குள் கயிறு அசைந்ததாக அவனுக்குத் தோன்றும், பதறி இழுத்துவிடுவான். விக்டர் வெறுங்கையோடு மேலே வருவான். ஒரு நாளைக்கு நாற்பது முறை இறங்கி நான்கு சங்கோடு வந்தான். ஒரு வாரம் இப்படியே போனது. வீட்டில் அடுப்பு எரிகிறது என்று பேருக்குத்தான்.

எட்டாம் நாள் வள்ளத்தில் விக்டர் தம்பியிடம் கத்தினானாம். நான் அசைக்காமல் இழுத்தால் இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன், செத்தாலும் அசைத்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்றானாம். கூட இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். சந்தியாகு சரி என்றான். விக்டர் இறங்கினான். சந்தியாகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றான். கயிறு அசையவில்லை. பக்கத்தில் நின்றவன், போதும் இழுலே என்று பிடுங்கி இழுத்தபோது விக்டர் கண் திறந்தபடி மேலே வந்தான். அடியிலேயே நினைவு தப்பியிருக்க வேண்டும். அசைக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கரையில் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். நான் வகுப்பில் இருந்தேன். யாரோ ஓடிவந்து சலேத்மேரியைக் கூப்பிட்டார்கள். அவள் சிலேட்டை மேஜையில் வைத்துவிட்டு, என்னிடம் உத்தரவு கேட்டுவிட்டுப் போனாள்.

ஊர் மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார்த்தாயா, தம்பி கையில் கொடுத்தால் இப்படித்தான். வள்ளத்தில் கூட இருந்தவர்கள்கூட விக்டர் கத்தியதை மறந்துவிட்டார்கள். விக்டர் வீட்டு மனைமேல் சந்தியாகுவுக்கு ரொம்ப நாளாகக் கண் என்று ஒருத்தி சொன்னாள். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலந்தலைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கஸ்பார் சம்மாட்டியார் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அவர் பழைய குற்றமும் அன்றைக்கே ருசுவாகிவிட்டதாக ஊர் முடிவு கட்டியது. ஒரு சாவுக்கு இன்னொரு சாவு சாட்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்தேன், ஊரே கற்றுக்கொண்டது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து, செபஸ்தி தங்கச்சியையும் மருமகளையும் ஆறுமுகநேரிக்குக் கூட்டிப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே உப்பளத்தில் பெண்களுக்கு வேலை உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். சலேத்மேரிக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுக்கவா, காலில் விழவா, எதற்காகப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. செபஸ்தி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சலேத்மேரி என் கிட்ட வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்லும் குரலில் பேசினாள்.

"சித்தப்பா கொல்லல டீச்சர். அப்பா சொன்னாவன்னுதான் இழுக்காம நின்னாரு. எல்லாரும் அவர கொன்னவன்னு சொல்லுதாவ."

"தெரியும்," என்றேன்.

"அப்ப சம்மாட்டியாரும் கொன்னிருக்க மாட்டாருல்லா டீச்சர்? ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

அந்த ஊரில் ஒரு மனிதருக்கும் தோன்றாதது, புத்தகம் எழுதிய சுந்தர்சிங்குக்கும் பயிற்சி பெற்ற எனக்கும் தோன்றாதது, அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்குத் தோன்றியிருந்தது. அவளிடம் ஒருமுறை தப்பு என்று பொய் சொன்னவள் நான். இப்போதாவது சரி என்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் அம்மா வந்து பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சண்டை போடும் குரல் அல்ல அது. கெஞ்சும் குரல்.

"இனி எம் பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். சலேத்மேரி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நான் பதில் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்வரை நான் சொல்லவில்லை.